டீயோடு முடித்துவைப்பவர்

மனிதர்களில் இப்படி ஒரு ரகம் உண்டு. ரோட்டில் இரண்டு வண்டிகள் முட்டிக்கொண்ட சத்தம் கேட்டால் மற்றவர்கள் "ஐயோ" என்பார்கள்; இவர் வேட்டியை மடித்துக் கட்டுவார். அடிபட்டவர் எழுந்து நிற்பதற்குள், இடித்தவர் கீழே இறங்குவதற்குள், இருவருக்கும் நடுவில் போய் நிற்பார். டாக்டரா? இல்லை. வக்கீலா? இல்லை. போலீஸா? கூடவே கூடாது. இவர் சமாதானம் செய்துவைப்பவர். நீங்கள் இதுவரை பார்த்ததில்லை என்றாலும் கவலை வேண்டாம், எங்கேயாவது போய் முட்டிக்கொண்டால் அவரே வந்துவிடுவார்.

இந்த ரகத்துக்குத் திருப்பூர் அவிநாசி ரோட்டில் தலைவர் என்று சொல்லத்தக்கவர் நிட்டிங் கம்பெனி முதலாளி பெருமாள்சாமி. இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் ஏற்றுமதி ஆர்டர்கள் குவிந்து, கம்பெனி வேன்களும் டவுன் பஸ்களும் டூவீலர்களும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே ஓடிய காலத்தில், அவருடைய மெஷின்கள் ஓடியதைவிட அவர் ஓடியதே அதிகம்.

வந்ததும் முதல் உத்தரவு, "வண்டிய ஓரங்கட்டுங்க!" எந்த வண்டி எப்படி நின்றது என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அத்தோடு நகர்ந்துவிடும். அடுத்து, கண்ணாடிச் சில்லுகளைக் கூட்டித் தள்ளச் சொல்வார். பாவம், யார் காலிலாவது குத்திவிடக் கூடாதே. பிறகு இருவரிடமும் ஊரைக் கேட்டு, ஒருவரின் மாமியார் ஊரும் மற்றவரின் குலதெய்வக் கோயிலும் ஒரே பஸ் ரூட்டில் இருப்பதைக் கண்டுபிடித்து, அவர்களை ஏறக்குறையச் சொந்தக்காரர்களாகவே ஆக்கிவிடுவார். அப்போதும் யாராவது ஒருவர் "ஸ்டேசன்ல ஒரு கம்ப்ளெயிண்ட்..." என்று இழுத்தால் முகம் வாடிப்போகும்.

"ஏனுங்க, ஸ்டேசன் எதுக்குங்க? வண்டியப் புடிச்சுப் போட்டாங்கன்னா வேப்பமரத்தடியில நின்னு துருப்புடிச்சுப் போயிருமுங்க. ஷிப்மெண்ட் நேரம் வேற. ஒரு டீயக் குடிச்சுப்போட்டுப் பேசி முடிச்சுக்கலாமுங்க."

அந்த டீக்கும் அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். தப்பு யார்மேலோ அவர்தான் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். வாங்கித் தந்தால் தப்பை ஒப்புக்கொண்டதாக அர்த்தம், வழக்கு முடிந்தது. ரோட்டோரத்தில் டீக்கடை வைத்திருந்த நஞ்சம்மாள் இந்தச் சட்டத்தை மனப்பாடமாக அறிவார். அவர் கடை விருத்தியானதே இதனால்தானே.

இப்படிப்பட்டவர் வண்டியிலேயே ஒருவர் இடித்தால்?

இடித்தார். வலப்பக்கம் திரும்புவதற்காக நின்றுகொண்டிருந்த பெருமாள்சாமியின் மாருதி காரில், பின்னாலிருந்து ஒரு கம்பெனி வேன் வந்து மோதியது. வேனை ஓட்டிவந்த ராஜ்கமல் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. இறங்கி நேராகப் பெருமாள்சாமியிடம் வந்தான்.

"அண்ணாச்சி, தெரியாம இடிச்சிட்டேன். மொதலாளிட்ட மட்டும் சொல்லிராதிய."

கூட்டம் கூடிவிட்டது. எல்லோரும் பெருமாள்சாமியையே பார்த்தார்கள். பெருந்தன்மையைக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்குமா? வண்டிகளை அவரே ஓரங்கட்டச் சொன்னார். சில்லுகளைக் கூட்டச் சொன்னார். வேனின் முன்சீட்டிலிருந்து இறங்கிய ஓவர்லாக் மெஷினில் தைக்கும் முத்துப்பேச்சி, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வலிக்கிறது என்றபோது, அவளுக்கும் ஒரு கிளாஸ் டீயை நீட்டினார். கடைசியில், "பையன் பாவம், புதுசுங்க. டீ என்ரதா இருக்கட்டும்" என்று காசை எடுத்து நஞ்சம்மாளிடம் கொடுத்தார். கூட்டம் அசந்துபோனது. அவரும்தான்.

முத்துப்பேச்சியின் மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. வீக்கம் பொறுக்க முடியாமல் அவள் ஆஸ்பத்திரிக்குப் போக, ஆஸ்பத்திரி ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்ல, வேன் முதலாளி முந்திக்கொண்டு சொன்னார்: "கார்க்காரர்தாங்க ரிவர்ஸ் எடுத்து இடிச்சாரு." வேலை போய்விடுமோ என்று பயந்து ராஜ்கமலும் அதற்குத் தலையாட்டினான்.

பெருமாள்சாமி, குற்றம் சாட்டப்பட்டவராக, வாழ்க்கையில் முதல்முறை ஸ்டேஷன் படி ஏறினார்.

"என்ர வண்டி நின்னுட்டிருந்துச்சுங்க சார்!"

"வேனுக்கு முன்னால நசுங்கியிருக்கு, காருக்குப் பின்னால நசுங்கியிருக்கு. அவன் வந்து மோதினாலும் நீங்க ரிவர்ஸ் எடுத்தாலும் இப்படித்தான் நசுங்கும்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "அன்னைக்கே வந்து சொல்லியிருந்தா, வண்டி நின்ன எடத்தையே பாத்து எழுதியிருப்போம். வேன்ல வந்தவங்களத் தவிர வேற சாட்சி யாராச்சும் உண்டா?"

சாட்சியாக நஞ்சம்மாள் வந்தார்.

"சத்தம் கேட்டப்ப நான் அடுப்பப் பாத்துட்டு இருந்தனுங்க. ஆனா டீக்குக் காசு குடுத்தது இந்த அண்ணன்தானுங்க. தப்பு யாரு மேலயோ அவீங்கதான் டீ வாங்கோணும். அது அண்ணன் போட்ட சட்டந்தானுங்க."

பெஞ்சின் ஓரத்தில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்த முத்துப்பேச்சி மெல்லச் சொன்னாள்:

"கை வலிக்குன்னு அப்பவே சொன்னேன்லா அண்ணாச்சி. டீயக் குடி கண்ணு, செரியாப் போயிரும்னிய. இனி இந்தக் கைய வச்சு எப்ப மெஷின்ல உக்காருவேன்?"

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். ஊரெல்லாம் சமாதானம் செய்துவைத்த மனிதருக்கு அந்த மாவுக்கட்டை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. தன்மேல் கேஸ் வருகிறதே என்ற பயத்தை மீறி வெட்கம் வந்தது.

"சார், அந்தப் புள்ள சொல்றது நெசமுங்க. என்னைய என்ன வேணாலும் பண்ணுங்க. மொதல்ல அதைய எழுதிக்கோங்க" என்றார். சப்-இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

அந்த நேரம் பார்த்து வெளியே ரோட்டில் 'டமார்' என்று ஒரு சத்தம். பெருமாள்சாமியின் கை தானாகவே வேட்டி நுனிக்குப் போனது.

"உக்காருங்க" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

உட்கார்ந்தார். ஆனால், ஸ்டேஷன் வாசலுக்கு நேர் எதிரிலிருந்து, ஸ்டேஷன் போர்டைப் பார்த்தபடியே யாரோ சொல்வது அவர் காதில் தெளிவாக விழுந்தது: "ஏனுங்க, ஸ்டேசன் எதுக்குங்க? பேசி முடிச்சுக்கலாமுங்க!"

அது யாருடைய குரல் என்று பெருமாள்சாமிக்குத் தெரியவில்லை. எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது. நீங்கள் இவ்வளவு நேரம் அவரைப் பார்த்துச் சிரித்தீர்கள், நல்லது. ஆனால் போன தடவை உங்கள் தெருமுனையில் இரண்டு வண்டிகள் முட்டிக்கொண்டபோது, "வண்டிய ஓரங்கட்டுங்க" என்று முதலில் கத்தியது யார்? அதுகூடப் போகட்டும். அன்றைக்கு டீக்குக் காசு கொடுத்தது யார்?