எல்லாத்தையும் ஓவர்லாக் போட்டுருங்க, அம்மிணி

கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தங்களுக்கு மட்டும் விளங்கிய ஒன்றை அடுத்தவருக்கும் விளங்கும்படி சொல்லிவிட்டால், அன்று முழுக்கக் கால் தரையில் பாவாது. எனக்கும் அந்த வியாதி இருந்தது. என் மாமாவை ஏர்போர்ட்டில் திருடனாக நிற்க வைத்த பிறகுதான் தெளிந்தது.

மாமா என்றால் அம்மாவின் பெரியம்மா மகன். திருப்பூரில் பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனி வைத்திருக்கிறார். நான் அங்கே சிஸ்டம்ஸ் மேனேஜர். (மேனேஜர் என்றதும் எனக்குக் கீழே நாலு பேர் வேலை செய்வதாக நினைக்க வேண்டாம். எனக்குக் கீழே ஒரு சுழல் நாற்காலி இருந்தது. அதுவும் ஒரு பக்கம் சாயும்.) கம்பெனிக்குள் அவர் எனக்கு சார், கேட்டைத் தாண்டினால் மாமா. அவருக்கு நான் இரண்டு இடத்திலும் 'அம்மிணி'. நான் மட்டுமல்ல, பெண் என்று யாரைப் பார்த்தாலும் அவருக்கு அம்மிணிதான். பல் டாக்டர் அம்மிணி, பேங்க் மேனேஜர் அம்மிணி, காரில் வழி சொல்லும் மேப் குரலும் அம்மிணி. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் கெட்டதில் பாதி இதனால்தான்.

மீதிப் பாதி ஒரு ஃபோட்டோவால். அடுத்த சீசனுக்கு வர வேண்டிய டிசைன் ஒன்றை எங்கள் சாம்பிள் ரூமில் யாரோ ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார்கள். 'புதுத்துணி சூப்பர்' என்று பக்கத்தில் மூன்று இதயம் வேறு. அது எப்படியோ எங்களிடம் சரக்கு வாங்கும் ஜெர்மன் பையருக்குப் போய்ச் சேர்ந்தது. கம்பெனி ஃபோன்களை எல்லாம் கட்டுப்பாட்டில் கொண்டுவராவிட்டால் அடுத்த சீசன் ஆர்டர் கிடையாது என்று மெயில் போட்டுவிட்டான். அந்த ஆர்டர் இல்லையென்றால் பாதி மெஷினுக்கு உறை போட்டு மூட வேண்டியதுதான்.

எனக்கு அது பொற்காலம். அதுவரை பிரிண்டரில் மாட்டிய பேப்பரை உருவிக்கொண்டிருந்தவளை, கேட்டதெல்லாம் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். எல்லா ஃபோனையும் ஒரே இடத்திலிருந்து ஆட்டிவைக்கும் சாஃப்ட்வேர் வாங்கினேன். வீட்டிலிருந்தே கம்பெனி நெட்வொர்க்குக்குள் நுழைய வசதி செய்தேன். வெளியாள் நுழையாமல் தடுக்க ஒரு ஃபயர்வால் பெட்டி வாங்கி, ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனப் பொட்டும் வைத்தேன். கட்டிங் மாஸ்டரிலிருந்து டிரைவர் வரை கம்பெனி ஃபோன் வைத்திருந்த யாரையும் விடவில்லை. மாமாவின் ஃபோனும் என் ஃபோனும் அதில் அடக்கம்.

பிறகு ஒரு மீட்டிங் போட்டு விளக்கினேன். ரிமோட் லாக், பாலிசி என்று நான் சொல்லச் சொல்ல, மாமா கொட்டாவியை மென்று விழுங்கிக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு அந்த வியாதி வந்தது.

"சார், சிம்பிளா சொல்றனுங்க. ஃபோன்ல கேமராவ மட்டும் நிறுத்துனா அது ஃப்ளாட்லாக். மொத்தமா பூட்டி, சைரன் அடிக்க வெச்சா அது ஓவர்லாக்."

இரண்டுமே பனியன் தைக்கிற மெஷின்களின் பெயர். ஓரம் பிரியாமல் இழுத்துக் கட்டித் தைப்பது ஓவர்லாக். திருப்பூரில் அது தெரியாத ஆள் கிடையாது. மீட்டிங்கே சிரித்தது. மாமா மேஜையைத் தட்டி, "இப்பத்தான் அம்மிணி வெளங்குது" என்றார். நான் அன்றைக்கே சாஃப்ட்வேரில் அந்த இரண்டு பெயரையும் ஏற்றிவிட்டேன். ஓவர்லாக் போட்டால் திரையில் வரவேண்டிய வாசகத்தையும் தமிழிலும் இங்கிலீஷிலும் நானே எழுதினேன்: 'இது திருடப்பட்ட ஃபோன். வைத்திருப்பவரைப் போக விடாதீர்கள்.' பின்னணி சிவப்பு. எழுதிவிட்டு நானே ரசித்துப் படித்தேன்.

சாஃப்ட்வேருக்குள் நுழைய என் ஃபோனுக்கு ஓடிபி வரும். அவசரத்துக்கு இன்னொரு நம்பரும் கொடுக்கச் சொன்னது. மாமா, "எனக்கு வர்ற மெசேஜே படிக்க முடியறதில்ல, என்னைய விட்ருங்க" என்றார். அனுப்பர்பாளையத்தில் இருக்கும் அம்மாவின் நம்பரைக் கொடுத்தேன். அம்மாவிடம் சொல்ல மட்டும் மறந்துவிட்டேன்.

மாமா ஆர்டரைப் பேசி முடிக்க ஜெர்மனி கிளம்பிய காலை. நான் டீயை வாயில் வைக்கும்போது அவரிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"அம்மிணி, அந்த ஜெர்மனிக்காரன் சமாச்சாரம் ரொம்ப லூசா இருக்குதுங்க. இப்படியே உட்டா நம்ம மானம் போயிரும். ஒண்ணு விடாம எல்லாத்தையும் ஓவர்லாக் போட்டுருங்க. யாரு வந்து கேட்டாலும் நிறுத்த வேண்டாம். நான் ஏர்போர்ட் வந்துட்டனுங்க."

எனக்குப் புல்லரித்தது. ஜெர்மனிக்காரன் முன்னால் உட்காரும்போது எங்கள் பாதுகாப்பின் பலத்தைக் காட்டப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். (ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்டால் மேனேஜருக்கு என்ன மரியாதை?) எல்லா ஃபோனையும் தேர்ந்தெடுத்தேன். 'நிச்சயமாகவா?' என்று சாஃப்ட்வேர் கேட்டது. அந்தக் கம்பெனியில் அன்றைக்கு மூளையை உபயோகித்தது அது ஒன்றுதான். நிச்சயமாக என்று அமுக்கினேன்.

முதலில் கத்தியது என் ஃபோன். அடுத்து கட்டிங், செக்கிங், பேக்கிங் என்று கட்டடமே அலற ஆரம்பித்தது. எங்கள் ஆட்களுக்கு, பையர்கள் பாதுகாப்பைச் சோதிக்கும் ஆடிட்டுக்கு ஆடிட் பழக்கிவைத்த ஒரு விஷயம் உண்டு: சத்தம் கேட்டால் வேலையைப் போட்டுவிட்டு வரிசையாக கிரவுண்டுக்குப் போய்விட வேண்டும். போய்விட்டார்கள். "மேடம், டிரில் ஹை க்யா?" என்று பீகார் பையன் ஒருவன் கேட்டுக்கொண்டே போனான். ஆடிட்டர் யாரும் பார்க்காமல் எங்கள் கம்பெனியில் நடந்த ஒரே ஃபயர் டிரில் அதுதான். அவ்வளவு ஒழுங்காக அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை.

எல்லோரும் வெளியே போக, ஸ்டெல்லா அக்கா மட்டும் உள்ளே வந்தாள். ஸ்டிச்சிங் மொத்தமும் அவள் பொறுப்பு. தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. மாமாவே அவளிடம் கொஞ்சம் அடக்கித்தான் பேசுவார்.

"ஏட்டி, என்னட்டி இது கூத்து? ஜெர்மனி பீஸ்ல தோள் தையல் பிரியுது, மறுபடி ஓவர்லாக் போடணுமா வேண்டாமான்னு மொதலாளிட்ட கேட்டுட்டு காலையில இருந்து காத்துக்கிட்டு கெடக்கேன். வாய்ஸ் போடுதேன்னாவ. ஒண்ணுத்தையும் காணும். இப்ப என் ஃபோன் என்னையவே திருடிங்குது."

என் கையிலிருந்த டீ என் மேலேயே கொட்டியது. லூசாக இருந்தது தையல். மாமாவின் ஃபோனில் அவள் பெயர் 'அம்மிணி ஸ்டிச்சிங்'. என் பெயர் 'அம்மிணி சிஸ்டம்'. அடுத்தடுத்து இருக்கும் இரண்டு அம்மிணிகளில் மாமாவின் கட்டைவிரல் தப்பான அம்மிணியைத் தொட்டிருக்கிறது.

அதற்குள் ரிசப்ஷனில் லேண்ட்லைன் அடித்தது. மாமா.

"சிஸ்டம் அம்மிணிங்களா? நல்லா இருக்கறீங்களா?"

எங்கள் ஊரில் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும்.

"செக்யூரிட்டி செக்கிங் லைன்ல நிக்கறனுங்க. என்ற ஃபோன் கத்துதுங்க. திருடன்னு செவப்புல எழுதிக் காட்டுதுங்க. போர்டிங் பாஸ் அதுக்குள்ளதான் இருக்குதுங்க. ரெண்டு பேரு என்னைய ரெண்டு பக்கமும் புடிச்சிருக்கறாங்க. இப்பப் பேசறது நம்ம அவிநாசி ரோட்டுக்காரரு ஃபோனுங்க. அவரும் இதே ஃபிளைட்டுக்குத்தான் வந்தாரு. இன்னுங் கொஞ்ச நேரத்துல கேட்டைச் சாத்திருவாங்களாம்."

அவிநாசி ரோட்டுக்காரர் என்றால் எங்களுக்கு நேர் போட்டி. அதே ஜெர்மன் பையருக்கு அவரும் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். மாமா போகாவிட்டால் ஆர்டர் அவருக்குத்தான். எனக்கு அழுகை வந்தது. "எடுத்துடறேன் மாமா" என்றேன். சார் என்று சொல்லக்கூட மறந்துவிட்டது.

என் சீட்டுக்கு ஓடினேன். சாஃப்ட்வேர் மறுபடி உள்ளே விட ஓடிபி கேட்டது. என் ஃபோனுக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னது. என் ஃபோன் மேஜையில் கிடந்து, என்னைப் போக விடாதீர்கள் என்று கத்திக்கொண்டிருந்தது. பதற்றத்தில் வாயில் வந்த நம்பரை எல்லாம் அடித்துப் பார்த்தேன். இன்னும் ஒரு முறை தப்பாக அடித்தால் அன்று முழுக்க உள்ளே விடமாட்டேன் என்று ஃபயர்வால் எச்சரித்தது. அந்தக் கண்டிப்பை ஏற்றியவளும் நான்தான். பொட்டு வைத்த கையையே கடித்தது.

மிச்சமிருந்தது அம்மாவின் நம்பர். ஓடிபியை அங்கே அனுப்பச் சொல்லிவிட்டு, ரிசப்ஷனுக்கு ஓடி லேண்ட்லைனிலிருந்து கூப்பிட்டேன். நல்லவேளை, எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அதுதான். கிரவுண்டில் நின்று சலித்தவர்கள் ஒவ்வொருவராக ரிசப்ஷனுக்குள் வந்து என்னைச் சுற்றி நிற்க ஆரம்பித்தார்கள்.

"அம்மா, நான்தான். உன் ஃபோனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும். சீக்கிரம் சொல்லு."

"ஏனுங்க, நீங்க யாருங்க?"

"அம்மா, நான் உன் பொண்ணு."

"எம் பொண்ணு நம்பரு இது இல்லீங்களே. ஓடிபி யாரு கேட்டாலும் தரக்கூடாதுன்னு எம் பொண்ணு சொல்லியிருக்கறாளுங்க. அவ பெரிய கம்பெனில கம்ப்யூட்டர் பாக்கறா."

"அது நான்தாம்மா. என் குரல் தெரியலையா?"

"கொரலெல்லாம் இப்ப மெஷின்லயே செய்யறாங்களாமுங்க. அதையும் அவதான் சொன்னா."

சொன்னேன். நான்தான் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார வைத்துப் பாடம் எடுத்தேன். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். "அம்மா, மாமாவை ஏர்போர்ட்ல புடிச்சு வெச்சிருக்காங்க. ஓடிபி குடுத்தாத்தான் விடுவாங்க."

அம்மாவின் குரலில் இப்போது ஒரு நிம்மதி வந்தது. "ஆமாங்க, சொந்தக்காரங்கள ஏர்போர்ட்ல புடிச்சு வெச்சிருக்குதுன்னுதான் ஆரம்பிப்பாங்கன்னு அப்படியே சொன்னாளுங்க. நீங்க நல்லா இருக்கோணும் சாமி. ஒழைச்சு சாப்புடுங்க. வெச்சரட்டுங்களா?"

"வெச்சுராதேம்மா" என்று கதறினேன். "என்ன வேணாலும் கேளு. சரியா சொல்றேன்."

அம்மா யோசித்தாள். அங்கே ஏர்போர்ட்டில் கேட் சாத்திக்கொண்டிருப்பது இங்கே எனக்குக் காதில் கேட்பது போல் இருந்தது.

"சரிங்க. எம் பொண்ண சின்னதுல ஊட்ல என்ன சொல்லிக் கூப்புடுவோம்? அது வெளியாளுக்கு யாருக்கும் தெரியாது."

நான் திரும்பிப் பார்த்தேன். கட்டிங், செக்கிங், பேக்கிங், வாட்ச்மேன் உட்பட மொத்தக் கம்பெனியும் நின்றது. வாயைக் கையால் மூடி மெதுவாகச் சொன்னேன்.

"கேக்கலீங்க. சத்தமாச் சொல்லுங்க."

"அரசாணிக்கா" என்று கத்தினேன்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், அரசாணிக்காய் என்றால் பரங்கிக்காய். நான் சின்ன வயதில் கொஞ்சம் உருண்டையாக இருந்தேன், அவ்வளவுதான். பீகார் பையனுக்கு யாரோ இந்தியில் மொழிபெயர்த்துச் சொன்னார்கள். அவனும் சிரித்தான்.

"அட, கண்ணு, நீதானா?" என்றாள் அம்மா. "இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? இரு, கண்ணாடி எங்க வெச்சேன்னு பாக்கறேன்."

கண்ணாடி ஃப்ரிட்ஜின் மேல் இருந்தது. அம்மா ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள். மறுபடி சீட்டுக்கு ஓடி அடித்தேன். திறந்தது. எல்லாப் பூட்டையும் எடுத்தேன். ஒவ்வொரு சைரனாக அடங்கியது. சற்று நேரத்தில் மாமா தன் சொந்த ஃபோனிலிருந்தே கூப்பிட்டார். மூச்சு வாங்கியது.

"ஏறிட்டனுங்க. கடைசி ஆளு நாந்தான். வந்து பேசிக்கலாமுங்க."

அந்தக் கடைசி 'ங்க'வைக் கேட்டதும் என் வேலை போய்விட்டது என்று முடிவுகட்டி, டிபன் கேரியரை வீட்டுக்கு எடுத்துப் போகப் பையில் போட்டுக் கட்டி வைத்துவிட்டேன். அன்றைய மீதிப் பொழுது ஸ்டெல்லா அக்காவின் காவலில் கழிந்தது. நிஜமான ஓவர்லாக் போட்டு வந்த பீஸ்களுக்கெல்லாம் என்னை உட்கார வைத்துப் பிசிறு வெட்டச் சொன்னாள். "மேனேஜர் அரசாணிக்கா, இந்தா அடுத்த கட்டு" என்று அவள் தூக்கிப் போடும்போதெல்லாம் லைன் மொத்தமும் சிரித்தது.

மாமா திரும்பி வந்தார். கையில் ஆர்டர். எனக்குப் புரியவில்லை. நடந்தது இதுதான்: ஏர்போர்ட்டில் ஃபோனைக் கடன் கொடுத்த அவிநாசி ரோட்டுக்காரர், அது கைக்குத் திரும்பி வந்ததும், மாமாவை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நிற்பதையும் சிவப்புத் திரையையும் ஒரு ஃபோட்டோ எடுத்து, எக்ஸ்போர்ட்டர்கள் குரூப் எல்லாவற்றிலும் போட்டுவிட்டார். சந்தோஷம் தாங்காமல் ஜெர்மனிக்காரனுக்கும் அனுப்பியிருக்கிறார். அவன் அதை மாமாவிடம் காட்டி என்ன இது என்று கேட்டிருக்கிறான்.

"எங்க சிஸ்டம் முதலாளியவே உடாதுங்கன்னு சொன்னேன் அம்மிணி" என்றார் மாமா. "கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டான்." ஒரு ஃபோட்டோ வெளியே போய்க் கைவிட்டுப் போகவிருந்த ஆர்டர், இன்னொரு ஃபோட்டோ வெளியே போய் வந்து சேர்ந்தது. அவிநாசி ரோட்டுக்காரர் இன்றுவரை எந்தக் கல்யாணத்திலும் மாமா உட்கார்ந்த பந்தியில் உட்காருவதில்லை.

என் வேலை தப்பியது. ஆனால் மாமாவின் ஃபோனில் என் பெயர் இப்போது 'அரசாணிக்கா சிஸ்டம்'. அம்மிணிகள் கலந்துவிடக் கூடாதாம். சொந்தத்தில் யார் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாலும், "சும்மா பூட்டா, ஓவர்லாக்கா?" என்று யாராவது ஒருவர் கேட்டே தீருவார்.

அம்மாதான் மோசம். அன்றிலிருந்து நான் எந்த நம்பரிலிருந்து கூப்பிட்டாலும், வீடியோ காலில் என் மூஞ்சியே தெரிந்தாலும், "முகமெல்லாம் இப்ப மெஷின்லயே செய்யறாங்களாமுங்க, பேரைச் சொல்லுங்க" என்கிறாள். போன வாரம் அடுத்த ஆடிட்டுக்கு வந்தவர் எதிரில் உட்கார்ந்திருக்க, அம்மா கூப்பிட்டாள். ஃபோனைக் கையால் மறைத்து மெதுவாகச் சொன்னேன்.

"கேக்கலீங்க" என்றாள் அம்மா. "சத்தமாச் சொல்லுங்க."