பனிப் பலகையில் என் முகம்

சிவமயம்

மில்லிக்கன்,
ரொறன்ரோ.
19.01.1997

அன்புத் தங்கச்சி இராசமலருக்கு,

அக்கா பேபி உயிரோடு இருந்து எழுதிக்கொள்வது. முதல் வரியிலேயே இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது, வெள்ளவத்தைக்கும் கதை வந்திருக்கும். நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன்.

இங்கே பேரப்பிள்ளைகள் எல்லாரும் வலு கெட்டிக்காரர். மகன் இரத்தினவேலின் மூத்தவன் மிதுனன் வாட்டர்லூவில் என்ஜினியரிங் படிக்கிறான். கடைக்குட்டி கௌசிக்கு மார்கழியில் அரங்கேற்றம், ஒரு பிழை விடாமல் மூன்று மணித்தியாலம் ஆடினாள். நடுவிலாள் நிலாணி படம் கீறப் படிக்கிறவள். அவள் கீறிய படம் அமெரிக்காவில் முதற்பரிசு எடுத்திருக்கிறது. அந்தப் படம் நான்தான். கரைச்சலும் அங்கேதான் தொடங்கியது.

பனியில் சறுக்குகிற பலகை என்று ஒன்று இருக்கிறது, தங்கச்சி. என் உயரம் இருக்கும். இந்த நாட்டுப் பிள்ளைகள் அதில் ஏறி, இரண்டு காலையும் அதோடு பூட்டிக்கொண்டு மலையுச்சியிலிருந்து கீழே வருகிறார்கள். ஆரும் துரத்தவில்லை, சும்மாதான் வருகிறார்கள். இதற்கென்றே பேர்போன கொம்பனிகள் இருக்கின்றன. பலகை, சப்பாத்து, கையுறை எல்லாம் அவர்களே செய்து, வருசா வருசம் பலகைக்குப் புதுப் படம் போடுவார்களாம். அதில் ஒரு பெரிய கொம்பனி, நிலாணி கீறிய என் முகத்தைத் தெரிந்தெடுத்து முதல் பலகையை அனுப்பியது. பெட்டியை உடைத்தபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மூக்குத்தி முதற்கொண்டு அப்படியே நான். பிறகு அவள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்து, ஒரு காலை என் நெற்றிப் பொட்டிலும் மற்றக் காலை என் நாடியிலும் வைத்துப் பூட்டினாள்.

"இறங்கடி" என்றேன். "புத்தகத்திலை கால் பட்டாலே தொட்டுக் கண்ணிலை ஒத்துற சனம் நாங்கள். நீ என்ரை முகத்திலை நிக்கிறாய்."

"ஒத்தலாம் அப்பம்மா, ஆனா பூட்டினாப் பிறகு குனியேலாது. பலன்ஸ் போயிடும்" என்கிறாள்.

நான் கையெழுத்து வைத்தால்தான் கொம்பனி இனி மூவாயிரம் பலகை அடிக்குமாம். தை முடிய முன்னம் வைக்காவிட்டால் வேறு ஆரோ கீறிய ஓநாயைப் போடுவார்களாம். மூவாயிரம் பேர், ஆளுக்கு இரண்டு கால், நீயே யோசித்துப் பார். மாட்டேன் என்றுவிட்டேன். பிள்ளை இரண்டு கிழமையாக என்னோடு கதைக்கவில்லை. கறியில் உப்புக் குறைவு என்றுகூடச் சொல்லவில்லை.

இரத்தினவேல் சமாதானம் செய்ய வெளிக்கிட்டான். "அம்மா, ஒருத்தரும் மிதியாமல் மேலை மாட்டிவிடுறன்" என்று ரீவிக்கு மேலே ஆணி அடித்துப் பலகையை மாட்டினான். எனக்கும் திருப்தி. மருமகள், கௌசிக்கு அரங்கேற்றத்தில் போட்ட சந்தன மாலை நசியாமல் இருக்கட்டும் என்று அதே ஆணியில் கொழுவினாள். நத்தாருக்கு வாங்கிய சின்ன லைற் ஒன்றும் பக்கத்தில் மினுங்கிக்கொண்டிருந்தது. பொங்கலன்று நான் கோயிலில் நிற்க, எங்கள் பழைய அயலவர் சண்முகலிங்கம் அண்ணை ஒஷாவாவிலிருந்து வந்திருக்கிறார். "அப்பம்மா எப்பிடித் தம்பி?" என்று கேட்க, மிதுனன் பெருமையாக, "அந்தா, பாருங்கோ" என்று சுவரைக் காட்டினானாம். மனுசன் தொப்பியைக் கழற்றினாராம், மூக்கை உறிஞ்சினாராம், தேத்தண்ணி வேண்டாம் என்றாராம். செத்த வீட்டில் 'போயிட்டு வாறன்' சொல்லக்கூடாதே, ஒன்றும் சொல்லாமலே போய்விட்டார். "அங்கிளுக்குப் படம் நல்லாப் பிடிச்சிட்டுது அப்பம்மா, அழுதவர்" என்று மிதுனன் எனக்குச் சொல்கிறான்.

பின்னேரம் பயற்றங்காய் முறித்துக்கொண்டு தமிழ் ரேடியோ கேட்டால், மரண அறிவித்தலில் என் பேர் போகிறது. அதுவும் எழுபத்தைந்து வயதாம். எனக்கு அறுபத்தொன்பது என்று உனக்குத் தெரியும். ரெலிபோன் எடுத்து, "தம்பி, நீர் இப்ப வாசிச்ச ஆள்தான் கதைக்கிறன்" என்றேன். "அம்மா, நீங்கள் துயரத்திலை இருக்கிறியள், வீட்டிலை வேறை ஆரும் நிண்டால் குடுங்கோ" என்கிறார். அதற்குள் மோர்னிங்சைட்டிலிருந்து ஒரு வான் நிறையச் சனம் வெள்ளைச் சீலையோடு வந்து இறங்கிவிட்டது. கதவைத் திறந்த என்னையே கட்டிப்பிடித்து ஒருத்தி, "பேபியக்காவுக்கு என்ன நடந்தது?" என்று அழுகிறாள்.

எனக்கு வெறுத்துவிட்டது. வந்தவர்களுக்குப் பொங்கலைக் கொடுத்து அனுப்பிவிட்டு, "கழட்டடா அதை" என்று மகனிடம் சொன்னேன். நிலாணியைக் கூப்பிட்டுக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன்.

"முந்தி வேண்டாம் எண்டனீங்கள்" என்றாள்.

"மேலை இருந்தால் சாக்காட்டினம், கீழை இருந்தால் மிதிக்கத்தானே போகினம். மிதிக்கட்டும்" என்றேன். பிள்ளை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை. ஆனாலும் மனம் ஆறவில்லை, தங்கச்சி. மானமுள்ள குடும்பத்தில் பிறந்தவளின் முகம் சப்பாத்துக்குக் கீழே போகலாமா? எனக்கு வந்தது எங்கள் குடும்பத்தில் வேறு ஒருத்திக்கும் வரக்கூடாது.

உனக்கும் உன் வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு குறையும் வராமல் அம்மாளாச்சி பார்த்துக்கொள்ளுவா.

இப்படிக்கு,
அக்கா பேபி

பி.கு: கடிதத்தை ஒட்ட முன்னம் கொம்பனியிலிருந்து ரெலிபோன். அடுத்த வருசம் என் பலகைக்குச் சோடியாக இன்னொரு வயதான பெண்ணின் முகம் வேண்டுமாம். சொல்லி வாய் மூடவில்லை, மருமகள் தன் தாயின் படத்தை அலுமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டாள். சம்பந்தியின் மூக்கு எந்தப் பலகைக்கும் அடங்காது. நீ இன்றைக்கே ஸ்ரூடியோவுக்குப் போ. கண்ணாடியைக் கழற்று, அட்டியலைப் போடு. கால் படுகிறதைப் பற்றி ஒன்றும் யோசியாதே, அது ஒரு பெரிய விசயமில்லை. பழைய படம் அனுப்பாதே, புதுசாக ஒன்று எடுத்து எயார் மெயிலில் உடனே போடு.