நெஞ்சுவலியான்

மிளகாய்த் தோட்டம் செய்கிறவன் வெளியில் சொல்லக்கூடாத நோய் ஒன்று உண்டு. அது நெஞ்செரிவு. எனக்கு அதுதான் வந்தது. ஸ்கந்தபுரத்தில் அரை ஏக்கர் மிளகாயை வைத்துக்கொண்டு, என் மிளகாயைப் போல உறைப்பு இலங்கையிலேயே இல்லை என்று தேத்தண்ணிக்கடை மேசையைத் தட்டிப் பேசித் திரிந்த காலம். சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தால் போதும், புளித்த தண்ணீர் தொண்டைவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

ஆஸ்பத்திரியில் இளம் பெண் டொக்டர் குளிசை எழுதித் தந்தார். "காலமை வெறும் வயித்தில ஒண்டு போடுங்கோ ஐயா. உறைப்பு, புளி, தேத்தண்ணி எல்லாம் குறைக்கவேணும். சாப்பிட்ட உடன படுக்கக்கூடாது."

இதில் முதல் வசனம் மட்டும் என் காதில் விழுந்தது. மிச்சமெல்லாம் சாந்தியின் காதில் விழுந்தது. (சாந்தி என் மனைவி. தேவையில்லாத இடத்தில் காது கூர்மை.)

அன்றிலிருந்து வீட்டில் இரண்டு கட்சி. நான் குளிசைக் கட்சி, அவள் சாப்பாட்டுக் கட்சி. குசினி அவள் கையில் இருந்ததால் ஆட்சியும் அவளுடையது. மத்தியானம் மிளகாய்த்தூளே காட்டாத பூசணிக்காய் வெள்ளைக்கறி, இரவில் உருளைக்கிழங்கு வெள்ளைக்கறி. முற்றத்தில் சாக்குச் சாக்காய்ச் செத்தல் மிளகாய் காய்கிறது, என் சாப்பாட்டுக் கோப்பையில் மருந்துக்கும் சிவப்பு இல்லை.

"குளிசை போடுறன்தானே, பிறகேன் என்ர நாக்கைப் பட்டினி போடுறீர்?" என்றேன்.

"குளிசை நெருப்பை அணைக்கும். நீங்கள் பின்னால நிண்டு விறகு வைப்பீங்கள்."

நான் விடுவேனா? தோட்டத்துக் கொட்டிலில் உறைப்புச் சம்பலை ஒளித்து வைத்துச் சாப்பிட்டேன். குளிசையை மட்டும் ஒருநாளும் தவறவிடவில்லை. விடிந்ததும் இஞ்சி தட்டிப் போட்ட வெறும் தேத்தண்ணியோடு ஒன்று.

அப்போதுதான், நல்ல விளைச்சலை ஊருக்குக் காட்ட விவசாயக் கந்தோர் வைக்கிற வயல்விழா என் தோட்டத்தில் வந்தது. ஏழு போகமாக நல்ல கன்றுகளைப் பார்த்துப் பார்த்து விதை எடுத்து நானே உருவாக்கிய இனம் அது. விவசாயப் போதனாசிரியருக்குப் பிடித்துவிட்டால் என் விதை மற்றத் தோட்டங்களுக்கும் போகும். அதற்கு 'செம்பவளம்' என்று பெயர்கூட வைத்திருந்தேன். அன்று காலை பாதுகாப்புக்காக இரண்டு குளிசை, மூன்று கோப்பை தேத்தண்ணி. (மூளை என்று ஒன்று இருந்திருந்தால் அன்று அதற்கும் லீவு.)

ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். பின்னால் ஒரு குரல், "நிறம் வடிவுதான். உறைப்பு இருக்கோ?" என்றது.

என்னிடமா கேட்கிறாய் என்று மூன்று காயைப் பிடுங்கி, எல்லோரும் பார்க்க நறுக்நறுக்கென்று கடித்துத் தின்றேன். சிரித்துக்கொண்டே, "எங்கட மண்ணின்ர உறைப்பு..." என்று தொடங்கினேன். முடிக்கவில்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பிய நெருப்பு நெஞ்சில் வந்து நின்றது. நெஞ்சைப் பொத்திக்கொண்டு பாத்திக்குள் குந்திவிட்டேன்.

"ஆளுக்கு நெஞ்சுவலி" என்று யாரோ கத்த, போதனாசிரியரின் வாகனத்திலேயே என்னைத் தூக்கிப் போட்டார்கள். வழியெல்லாம் சாந்தி என் கையை விடவில்லை. "இனி என்ன வேணுமெண்டாலும் சமைச்சுத் தாறன், கண்ணை மூடாதேங்கோ" என்று அழுதாள். எனக்கும் பயம்தான். விதையை மறந்தேன், செம்பவளத்தை மறந்தேன், இவளைத் தனியே விட்டுவிட்டுப் போகிறேனே என்றுதான் நினைத்தேன்.

நெஞ்சில் வயர் பூட்டிப் பார்த்தார்கள். இதயத்தில் ஒரு குறையும் இல்லை. அதே டொக்டர் வந்தார்.

"குளிசை ஒழுங்காப் போட்டனீங்களோ?"

"ஓம் டொக்டர். நீங்கள் சொன்னபடி வெறும் தேத்தண்ணியோட."

"நான் சொன்னது வெறும் வயிறு."

"வெறும் வயித்திலதான் தேத்தண்ணி குடிச்சனான். ஒரு சொட்டுப் பால் விடேல்ல."

டொக்டர் பேனையை வைத்துவிட்டுச் சாந்தியைப் பார்த்தார். அழுதுகொண்டிருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"தண்ணியோட குளிசை. அரை மணித்தியாலம் கழிச்சுச் சாப்பாடு. குளிசை கொஞ்சக் காலத்துக்கு, சாப்பாட்டுக் கட்டுப்பாடு நெடுக. ரெண்டில ஒண்டைத் தெரிவு செய்ய இது தேர்தல் இல்லை, ஐயா."

வெட்கத்தில் மூன்று நாள் படலையைத் தாண்டவில்லை. நாலாம் நாள் போதனாசிரியர் வீட்டுக்கே வந்தார். "உங்கட விதைதான் தெரிவாகியிருக்கு. ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பின மிளகாய் எங்களுக்கும் வேணுமெண்டு சனம் நிக்குது."

இன்று என் மிளகாய் இல்லாத தோட்டம் இந்தப் பக்கத்தில் குறைவு. பெருமையாகவே சொல்கிறேன். ஆனால் செம்பவளம் என்றால் ஒருவருக்கும் தெரியாது. ஊர் வைத்த பெயர் 'நெஞ்சுவலியான்'.

போன கிழமை முள்ளியவளையிலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து, "நெஞ்சுவலியான் இருக்கோ அக்கா?" என்று படலையில் நின்று கேட்டார்.

"ரெண்டும் இருக்கு தம்பி," என்றாள் சாந்தி. "ஒண்டு சாக்கில கிடக்கு. மற்றது குசினியில வெள்ளைக்கறி சாப்பிடுது."

கையைக் கழுவிக்கொண்டு எழுந்துபோய் விதையை எடுத்துக் கொடுத்தேன். நெஞ்சை நிமிர்த்தித்தான் கொடுத்தேன். இப்போது அதில் எரிவு இல்லை.