சட்டசபையில் நான் வாசிக்காத பேச்சு

அன்புள்ள ஆர்டித் அக்காவுக்கு,

தம்பி லோவெல் எழுதுவது. நான் நலம், முழங்கால் நலமில்லை. அயோவாவில் நீயும் மச்சானும் நலம் என்றே நம்புகிறேன். இந்தக் காலத்தில் வேறெதையும் நம்புவதாக இல்லை.

நகர நீச்சல்குளத்தில் உடை மாற்றும் அறைக்கதவைச் சாத்தவே முடிவதில்லை என்று நான் உள்ளூர்ப் பத்திரிகைக்கு எழுதிப் போட்டேன் அல்லவா, அடுத்த வாரமே வாஷிங்டனிலிருந்து பிரெஸ்டன் என்று ஓர் இளைஞன் ஆப்பிள் கேக்கும் கையுமாக வாசலில் நின்றான். பழமைவாதிகள் நடத்தும் ஏதோ கொள்கை ஆய்வு மையமாம், சிந்திப்பதுதான் வேலையாம். ஆயுசு முழுக்க மாட்டு வைத்தியம் பார்த்தேன், சிந்திப்பதற்கென்று எனக்கு ஒருவரும் சம்பளம் தந்ததில்லை. உடை மாற்றும் அறையைப் பற்றி எனக்குக் கவலையாமே என்று கேட்டான். ஆமாம் என்றேன். ஒரு கதவைச் சரிசெய்ய வாஷிங்டனிலிருந்தா ஆள் வரும்?

திருநங்கைப் பிள்ளைகள் பெண்கள் அணியில் ஓடக் கூடாது, பெண்கள் அறைக்குள் போகக் கூடாது என்று ஒரு மசோதாவாம். பொதுமக்கள் கருத்தைக் கேட்கும் சட்டசபைக் குழுவின் முன் அதை ஆதரித்து நான் பேச வேண்டுமாம். பேச்சையும் அவனே டைப் அடித்துக் கொண்டுவந்து கையில் திணித்து, சட்டசபை வாசல் வரை காரில் கொண்டுபோய் விட்டான். எனக்கு முன்னால் ஒஹாயோ பல் டாக்டர் ஒருவர் எழுந்து, "ஒரு தாத்தாவா சொல்றேன், ராத்திரியில எனக்குத் தூக்கமே வரல" என்றார். என் தாளைப் பார்த்தேன், அதிலும் அதே வரி. எனக்கும் அதே தூக்கம்தான் வரவில்லை. எனக்குப் பேரன் பேத்தியே கிடையாது என்பது உனக்குத் தெரியும்.

பின்வரிசையில் பக்கத்து வீட்டு கார்லிஸும் அவள் பிள்ளை ரென்னும். சின்ன வயதில் எல்லோரும் பையன் என்று நினைத்திருந்த பிள்ளை, இப்போது மகள். பள்ளி ஓட்ட அணியில் இருக்கிறாள், ஒருநாளும் முதலாவதாக வந்ததில்லை. என்னைப் பார்த்தாள், பிறகு என் கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

என் முறை வந்ததும் தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டேன். "கதவைச் சாத்த முடியலன்னுதான் எழுதினேன். அதுக்கு ஒரு தச்சர் போதும், சட்டம் வேண்டாம். அந்தப் பொண்ணு என் பக்கத்து வீட்லதான் வளர்றா, அவளால எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல" என்றேன்.

"உங்கள யாருங்க அனுப்பிச்சது?" என்றார் குழு உறுப்பினர் ஒருவர்.

"அதத்தாங்க நானும் கேட்டுக்கிட்டிருக்கேன்."

வெளியே வந்ததும் பிரெஸ்டன் சிரித்தபடி கை குலுக்கினான். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை அக்கா. தோற்றவன் அப்படிச் சிரிப்பதில்லை.

மச்சானுக்கு என் அன்பு. இந்தப் பனியில் கர்த்தர் உங்களையும் உங்கள் கூரையையும் காக்கட்டும்.

உன் தம்பி,
லோவெல்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போட மறந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. அதற்குள் மசோதா குழுவைத் தாண்டிவிட்டது, அந்த மையத்தின் இதழும் வந்துவிட்டது. முன்பக்கத்தில் வாயைத் திறந்தபடி என் படம்; அதன் கீழே நான் வாசிக்காத பேச்சு, ஒரு வரி விடாமல். தூக்கிக்கொண்டு ரென் வீட்டுக்கு ஓடினேன். அங்கேயும் ஒன்று கிடந்தது. "விடுங்க, நீங்க பேசினத நான் காதால கேட்டேன்" என்றாள். "ஆனா அத கேட்டது அந்த அறையில இருந்தவங்க மட்டும்தான். இது ஊர்ல எல்லா வீட்டுக்கும் போயிருக்கு."