ஒரு ஸ்கிரிப்ட் போட்டால் முடிந்தது

வேலை செய்கிறவர்கள் உண்டு, வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறவர்கள் உண்டு. இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது வர்க்கம் ஒன்று கொஞ்ச காலமாக ஆவடியைச் சுற்றி ஏராளமாகக் குடியேறியிருக்கிறது. பத்து நிமிடத்தில் கையால் முடிகிற வேலையை, அது தானாகவே நடக்கும்படி ப்ரோக்ராம் எழுதுகிறேன் என்று உட்கார்ந்து பத்து நாள் இழுக்கிற வர்க்கம் அது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பட்டாபிராமில் ரயிலேறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, மடியில் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு, நின்றுகொண்டு வருகிறவர்களை ஏதோ போன நூற்றாண்டில் மாட்டிக்கொண்டவர்களைப்போல இரக்கத்துடன் பார்ப்பார்கள். வாயைத் திறந்தால் ஒரே வாக்கியம்தான்: "இதுக்கா இவ்ளோ கஷ்டம்? பைத்தான்ல ஒரு ஸ்கிரிப்ட் போட்டா முடிஞ்சுது."

முடிந்ததாக இதுவரை தகவல் இல்லை.

வெள்ளானூரில் நாகம்மாள் வீட்டு மாடியில் குடியிருக்கும் தினகரன் இந்த வர்க்கத்தில் முதல் தரம். தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கைபேசிக்குச் செய்தி அனுப்ப அவரிடம் ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது. செய்தி வந்து சேர்வதற்குள் தண்ணீர் வழிந்து, தெருவில் ஓடி, அவர் மனைவி ரேகா கீழே போய் மோட்டாரை அணைத்துவிட்டு மேலேறி வந்திருப்பாள். "பாத்தியா, மெசேஜ் கரெக்டா வந்துடுச்சு" என்பார் தினகரன். சொல்லும்போது முகத்தில் என்ன ஒரு பூரிப்பு!

இப்படிப்பட்டவரிடம்தான் ஒரு திங்கட்கிழமை நாகம்மாள் வந்து நின்றாள். அவள் மகள் ஜெயப்பிரியாவுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை, நெமிலிச்சேரி துலுக்கானத்தின் மகன் வினோத். மண்டபமும் நெமிலிச்சேரியிலேயே பார்த்திருந்தார்கள். பெய்த மழையில் அந்த மண்டபத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர் புகுந்துவிட்டது. அவசரமாக வெள்ளானூரிலேயே வேறு மண்டபம் பிடித்தாயிற்று. பத்திரிகையைத்தான் மாற்ற வேண்டும்.

"தம்பி, போன்ல அனுப்பிச்ச பத்திரிகை இதான். இதுல மண்டபத்தை மட்டும் மாத்திக் குடு. ஒரு வரிதான் கீது."

"ஆவடி ஸ்டேஷன்கிட்ட ரசாக் பாய் ஜெராக்ஸ் கடையில குடுத்தா பத்து நிமிஷத்துல மாத்திக் குடுத்துடுவாரே" என்றாள் ரேகா.

தினகரன் சிரித்தார். அந்தச் சிரிப்பு உங்களுக்குத் தெரியும்.

படத்தில் எழுத்து எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க யாரோ எழுதிவைத்த ஒரு ப்ரோக்ராம் லைப்ரரி, அதை அழித்துவிட்டு அந்த இடத்தில் பின்னணியை நிரப்ப இன்னொன்று, அதன்மேல் புது எழுத்தை எழுத மூன்றாவது என்று இறக்கிப் போடுவதிலேயே திங்கட்கிழமை போனது. செவ்வாயன்று படம் வந்தது. மண்டபத்தின் பெயர் இருந்த இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள்.

"இன்னா தம்பி, மண்டபம் எங்கன்னு நம்மளயே கேக்குது?" என்றாள் நாகம்மாள்.

புதனன்று தமிழ் வந்தது, பிள்ளையாரின் தும்பிக்கை போனது. பின்னணியை நிரப்பும் சாதனம் தும்பிக்கையையும் ஏதோ எழுத்து என்று நினைத்துத் துடைத்துவிட்டிருந்தது. வியாழக்கிழமை தும்பிக்கை திரும்பியது, மண்டபமும் மாறியது, படம் அச்சு அசலாக வந்துவிட்டது. அப்போதே கொடுத்திருக்கலாம். கொடுப்பாரா? ஒரே ஒரு படத்துக்காகவா இத்தனை பாடுபட்டார்? பத்திரிகை, வரவேற்பு அட்டை, வழி காட்டும் படம் எல்லாவற்றையும் ஒரே தட்டில் மாற்றினால்தானே அது ப்ரோக்ராம்! 'எங்கெல்லாம் நெமிலிச்சேரி இருக்கிறதோ அங்கெல்லாம் வெள்ளானூர்' என்று எழுதினார். வெள்ளிக்கிழமை மாலை ஓடவிட்டார். மண்டபம் மாறியிருக்கிறதா? மாறியிருக்கிறது. மற்ற வரிகளை அவர் படிக்கவில்லை. படிக்கத்தான் ப்ரோக்ராம் இருக்கிறதே!

இரு வீட்டாரும் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் அவரே படத்தைப் போட்டார். கட்டைவிரல்களுக்காகக் காத்திருந்தார். துலுக்கானத்தின் குரல்தான் முதலில் வந்தது.

"இன்னா நைனா இது? எங்க தாத்தன் காலத்துலேந்து நாங்க நெமிலிச்சேரியில கீறோம். ஒரே நாள்ல எங்களை வெள்ளானூருக்கு மாத்திட்டியா?"

பத்திரிகை இப்போது இப்படி இருந்தது: வெள்ளானூர் நாகம்மாள் மகள் ஜெயப்பிரியாவுக்கும், வெள்ளானூர் துலுக்கானம் மகன் வினோத்துக்கும் திருமணம். வெள்ளானூரில் அவர்கள் இனத்தார் மொத்தப் பேரும் ஒருவருக்கொருவர் பங்காளிகள், பெண் கொடுத்து எடுக்க முடியாது. மாப்பிள்ளையின் அத்தைகள் ஆளுக்கொரு பக்கம் போனை எடுத்துவிட்டார்கள், "பங்காளி ஊட்லயா பொண்ணு எடுத்தீங்க?" என்று.

நாகம்மாள் மாடிப்படி ஏறி வந்தாள். "எம் மாப்பிள்ளைய எங்க ஊர்க்காரனா ஆக்கிட்டியே! அப்டின்னா அவன் எம் பொண்ணுக்கு அண்ணன் முறைடா!"

"ப்ரோக்ராம்ல ஒரு சின்ன 'பக்'தான் ஆன்ட்டி" என்றார் தினகரன்.

அவள் குரூப்பில் அழாத குறையாகப் பேசி அனுப்பினாள்: "வெள்ளிக்கெழமை வந்த படம் சுத்தத் தப்பு, யாரும் நம்பாதீங்க." பிறகு தாம்பூலத் தட்டோடு நெமிலிச்சேரிக்கு ஓடி, சம்பந்தி வீட்டாரைச் சமாதானப்படுத்தினாள். சனிக்கிழமை மத்தியானம் அப்துல் ரசாக் ஒரு துண்டுக் காகிதத்தில் புது மண்டபத்தின் பெயரை அச்சடித்து, பழைய வரிமேல் ஒட்டி, போட்டோ பிடித்து அனுப்பினார். பத்து நிமிடம், டீ குடித்த நேரத்தையும் சேர்த்து.

ஆனால் வெளியூரில் இருக்கும் நாகம்மாளின் அண்ணன் கோவிந்தராஜ், தங்கை பேச்சுக்கு மறுபேச்சு பேசாத மனிதர். வெள்ளிக்கிழமைப் படம் தப்பு என்றால் பழைய மண்டபமே சரி என்று முடிவு கட்டி, போனை அதோடு மூடிவைத்துவிட்டார். ஞாயிறு காலை, தாய்மாமன் சீர்த்தட்டைத் தலைமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நெமிலிச்சேரி மண்டபத்தில் இன்னும் வடியாத முழங்கால் தண்ணீரில் நின்றார். இங்கே ஐயர் முகூர்த்தம் தவறுகிறது என்றார். நாகம்மாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமன் இல்லாமலே தாலி ஏறியது. அவள் அழுததைப் பார்த்துப் பெண்ணும் அழுதது.

வேட்டி நனைந்து வந்து பந்தியில் உட்கார்ந்த கோவிந்தராஜின் பக்கத்து இலை தினகரனுக்கு. "லாஜிக்ல தப்பே இல்ல அங்கிள். இன்னும் ஒரே ஒரு கண்டிஷன் சேத்திருந்தா..." என்று ஆரம்பித்தார். கோவிந்தராஜ் திரும்பிப் பார்த்தார். சாம்பார் வாளியோடு வந்தவர் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு ஓர் அடி தள்ளி நின்றார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஒரே ஒரு கேள்வி. தாய்மாமன் தண்ணீரில் நின்றதைப் படித்தபோது உங்கள் மனத்தில் முதலில் ஓடியது என்ன? 'ஐயோ பாவம்' என்பதா? இல்லை, 'படத்தில் மண்டபம் இருக்கும் இடத்தை மட்டும் ஒரு கட்டம் கட்டிக் காட்டியிருந்தால் மாப்பிள்ளையின் ஊர் தப்பித்திருக்குமே' என்பதா? இரண்டாவதுதான் என்றால், உங்கள் கீழ்வீட்டில் கல்யாணம் ஏதாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால், அது முடிகிறவரை தயவுசெய்து ஊருக்குப் போய்விடுங்கள். லேப்டாப்பை இங்கேயே வைத்துவிட்டு.