வீட்டுக்கு வயது எழுதிய எழவு சார்

மதுரைக்கு மேற்கே எந்த வீட்டில் யார் எப்போது செத்தார்கள் என்பது எமனைவிட எங்கள் எழவு சாருக்கு நன்றாகத் தெரியும். எமனுக்காவது கணக்கெழுத ஆள் உண்டு. பில் கலெக்டரான இவர் எல்லாவற்றையும் தாமே எழுதினார்.

எண்பதுகளில் வீட்டு வரியைக் கம்ப்யூட்டரில் கணக்கிட அரசாங்கம் பணம் ஒதுக்கியது. கம்ப்யூட்டர் சென்னையில் இருந்தது. எங்கள் வரி அலுவலகத்துக்கு வந்தவை வெற்றுப் படிவங்கள். மார்ச்சுக்குள் நிரப்பி அனுப்பாவிட்டால் மீதிப் பணம் வராது. அந்த அவசரத்தில் என்னையும் தற்காலிகமாக எடுத்தார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். புதுப் பேனா வாங்கிக்கொண்டு எழவு சாருடன் தெருத்தெருவாகப் போனேன்.

படிவத்தில் கட்டடத்தின் வயது என்று ஒரு கட்டம். பழைய வீட்டுக்கு வரி குறையும். கட்டம் காலியாக இருந்தால் புது வீடு என்று முழு வரி விழும். அதற்காக அவர் ஒவ்வொரு வாசலிலும் கேட்ட கேள்வி: "இந்த வீட்டுல மொதல்ல செத்தது யாரு? எப்ப?"

கோச்சடையில் ஒரு புதுப்பெண்ணின் மாமியார் விளக்குமாற்றை எடுத்துவிட்டார். இன்னொரு வீட்டில் யாரும் சாகவில்லை என்றார்கள். உள்ளே படுத்திருந்த கிழவர், "ரெண்டு நாள் கழிச்சு வாங்க சார், எம்பேரையே எழுதிக்கலாம்" என்று குரல் கொடுத்தார். எழவு சார் போகவும் செய்தார். கிழவர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். இருவருக்குமே ஏமாற்றம்.

வீடு கட்டிய வருஷத்தை நேராகக் கேட்கலாமே என்றேன்.

"கேட்டா, போன வருசம் கட்டுனதுக்கும் நூறு வயசு சொல்லுவான். சாவுல மட்டும் மனுசன் பொய் சொல்ல மாட்டாம்மா."

மார்ச் கடைசி வாரம், வைகைக் கரையோரம் ஓர் ஓட்டு வீடு. நாற்று நடும் கூலிக்குப் போகும் ஓர் அம்மா தனியாக இருந்தார். புருஷன் எப்போதோ விட்டுப் போயிருந்தார். முழு வரி விழுந்தால் வீட்டை விற்றுத்தான் கட்ட வேண்டும்.

எழவு சார் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"இங்க யாரும் சாகல" என்றார் அந்த அம்மா.

பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "இவ மகன் ஆத்து வெள்ளத்துல போயி ரெண்டு வருசமாச்சு சார். ஒடம்பு கெடைக்கல. இவதான் நம்ப மாட்டேங்குறா."

"போனவன் வருவான். நீ சோலியப் பாரு."

எழவு சார் படிவத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு, "இந்த வீட்டுல மொதல்ல பொறந்தது யாரும்மா?" என்று கேட்டார்.

அந்த அம்மாவின் முகம் மாறியது. "எம்மகன்தான். செவத்துல ஈரங்கூடக் காயல, அன்னைக்குப் பொறந்தான்."

"தம்பிக்கு இப்ப என்ன வயசு?"

"தையோட இருவத்திரெண்டு முடிஞ்சிருச்சு."

பக்கத்து வீட்டுக்காரர் வாயெடுத்தார். எழவு சார் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். கட்டத்தில் இருபத்திரண்டு ஏறியது.

தெருமுனையில், "சரியான வயசுதானா சார்?" என்றேன்.

"வீட்டுக்குச் சரிதாம்மா."

மீதியிருந்த நான்கு வீடுகளிலும் அவர் படிவத்தை என்னிடம் கொடுத்துவிட்டுத் தெருவிலேயே நின்றுகொண்டார். மொதல்ல செத்தது யாரு என்று நான்தான் கேட்டேன். திட்டையும் நானே வாங்கிக்கொண்டேன்.