கரடிமுதுகுப் பாதை

"சார், போன வாரம் முன் சக்கரத்துக்குக் கொஞ்சம் அதிகமாப் பூசிட்டோம். இந்த வாரம் பின் சக்கரத்துக்குக் கூடக் கொஞ்சம் அப்பட்டுமா?" என்று கேட்டார் பேக்கரிக்காரர், கையில் சேற்று வாளியோடு.

"சக்கரத்துக்குப் போதும்ணே. முதுகுல ஒரு கோடு விழணும். மலையில இறங்குனா சேறு நேரா முதுகுலதான் அடிக்கும்" என்று திரும்பி நின்று முதுகைக் காட்டினார் தணிக்கையாளர்.

பேக்கரிக்காரர் துடைப்பத்தை வாளியில் முக்கி ஓர் உதறு உதறினார். கை பழகிவிட்டது. இடுப்பிலிருந்து கழுத்துவரை கோடு பிசகாமல் விழுந்தது.

"வேர்வை?"

"அதுவும்தான்."

ஒரு சொம்புத் தண்ணீர் தலையில் கவிழ்ந்தது. இப்போது தணிக்கையாளரைப் பார்த்தால், காலையிலிருந்து மலையேறி இறங்கிய மனிதர் என்று யாரும் நம்புவார்கள். உண்மையில் அவர் காலையிலிருந்து பேக்கரியின் மூலை மேசையில் மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்து, பேப்பரை விளம்பரம் விடாமல் படித்து, இரண்டு துண்டு கேக் சாப்பிட்டிருந்தார்.

மலைச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தது மனைவி. ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, உடம்பை அசைத்தால்தான் உண்டு என்று டாக்டர் சொன்ன மறுநாளே, தடித்த டயரும் முன்பக்கம் ஸ்பிரிங்கும் வைத்த ஒரு பச்சை நிறச் சைக்கிள் வாசலில் வந்து நின்றது. மனைவி ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். அவர் பேச்சுக்கு வார்டே எழுந்து உட்காரும்; புருஷன் எம்மாத்திரம்?

முதல் ஞாயிறு நல்ல எண்ணத்தோடுதான் கிளம்பினார். அடிவாரம்வரை சமதரை, சுகமாக இருந்தது. அங்கே நின்று மலையை அண்ணாந்து பார்த்தார். மலையும் அவரைப் பார்த்த மாதிரி இருந்தது. பக்கத்திலேயே பேக்கரி. அவ்வளவுதான் நடந்தது.

ஆனால் அவர் சாதாரணப் பொய்க்காரர் இல்லை. போகாத ஊருக்குப் போனதாகப் பயணப் படி கேட்கும் ஊழியர்களைப் பிடிப்பதுதான் வாரம் முழுக்க அவருக்கு அலுவலகத்தில் வேலை. எவன் எங்கே சறுக்குவான் என்பது அவருக்கு அத்துப்படி. மலை மண் சிவப்பு, பேக்கரிக் கொல்லை மண் கறுப்பு என்பதைக் கவனித்து, அடிவாரத்திலிருந்து செம்மண் அள்ளிவர ஏற்பாடு செய்ததே அவருடைய தொழில் நுட்பம்தான்.

அன்றைக்கு வீட்டு வாசலில் இன்னொரு மலைச் சைக்கிள் நின்றது. அது அடிபட்டுக் கீறல் விழுந்து, பார்த்தாலே ஊர் சுற்றியது தெரிந்தது. உள்ளே மனைவியின் தம்பி சோபாவில் உட்கார்ந்திருந்தான்.

"மாமா! எனக்கு இந்த ஊருக்கே மாற்றலாயிடுச்சு. அக்கா சொன்னா, நீங்க ஞாயித்துக்கிழமை ஒண்ணு விடாம மலைக்குப் போறீங்களாமே! எனக்கு அதைவிட வேற என்ன வேணும்?"

"அப்படியா மச்சான், ரொம்ப சந்தோஷம்" என்றார் தணிக்கையாளர். முகத்தில் வழிந்தது இப்போது நிஜ வியர்வை.

மச்சான் வெளியே வந்து பச்சைச் சைக்கிளைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தான். "எந்தப் பாதை மாமா? இந்த ஊர்ச் சைக்கிள் குழுவுல வந்ததுமே சேர்ந்துட்டேன். நாங்க கிழக்குப் பக்கம்தான் ஏறுவோம்."

கிழக்கு என்றால் பேக்கரி வழியாகத்தான் போக வேண்டும்; மேலே பாதையில் தங்கள் குழு அவரைப் பார்த்ததே இல்லையே என்று கேட்பான். "நான் மேற்கு" என்றார் அவசரமாக. "ஒத்தையடிப் பாதை. பேரு வந்து... கரடிமுதுகு."

"கரடிமுதுகா? கேள்விப்பட்டதே இல்லையே. மேப்புல கூட வரலையே."

"மேப்புல வர்ற பாதையில யாரு வேணா போவான் மச்சான்."

சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மனைவி வாசல்படியில் நின்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பார்வை அவருக்குக் கிடைப்பது அபூர்வம். நாக்கு தன்பாட்டுக்கு ஓடியது. நடுவில் ஓர் ஓடை என்றார். அதைத் தாண்டினால் கரடி குனிந்த மாதிரி ஒரு பாறை என்றார். பாறையிலிருந்து சைக்கிளோடு குதிப்பது தமக்கு வழக்கம் என்றும் சொல்லி வைத்தார்.

"அடுத்த ஞாயிறு நாம போறோம் மாமா" என்றான் மச்சான்.

"போகலாம்தான். ஆனா அங்க இப்ப பாறை சரிஞ்சு வழி அடைச்சுக் கிடக்கு."

"அட, அப்ப எங்க குழுவையே கூட்டிட்டு வர்றேன். ஆளுக்கொரு கடப்பாறை எடுத்துட்டு வந்தா வழியைச் சுத்தம் பண்ணிடலாம்!"

ஒருவனோடு முடிந்திருக்க வேண்டிய பொய், இப்போது ஒரு கூட்டத்துக்கே தெரியப் போகிறது.

மறுநாள் அலுவலகத்திலிருந்து வரும்போதே நொண்டிக்கொண்டு வந்தார். "முட்டி பிடிச்சுக்கிச்சு. ஞாயித்துக்கிழமை கஷ்டம்தான்னு தோணுது."

மனைவி அவரை உட்காரவைத்து முட்டியை மடக்கினார், நீட்டினார், தட்டினார். "வீக்கம் இல்ல. பாதுகாப்பு இல்லாமக் குதிச்சா இப்படித்தான். எங்கிட்ட முன்னாடியே சொல்லக் கூடாதாங்க?"

சாயங்காலம் ஒரு பெரிய பை நிறைய வந்து இறங்கியது. முட்டிக்கு உறை, முழங்கைக்கு உறை, முதுகுக்கு ஆமை ஓடு மாதிரி ஒரு பலகை, தாடைவரை மூடும் ஹெல்மெட். கடைசியாக, உட்காருமிடத்தில் தலையணை வைத்துத் தைத்த ஓர் அரைக்கால் சட்டை. எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். மல்லாந்தால் தானாக எழுந்திருக்க முடியாத ஒரு வண்டு அங்கே நின்றது.

"நடந்து காட்டுங்க" என்றார் மனைவி.

நடந்தார். தலையணை பின்னால் தனியாக நடந்தது.

இனி ஒரே வழி, சைக்கிளைச் சாகடிப்பது. மனைவி டியூட்டிக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, பால்கனியில் உட்கார்ந்து, கியர் கம்பியைக் குறடால் முறுக்கினார். அது உடைந்தபோது, அலுவலகத்தில் அத்தனை பேரைப் பிடித்த தன் கை இந்த வேலையும் செய்கிறதே என்று ஒரு நிமிஷம் வெட்கமாகத்தான் இருந்தது. அப்புறம் மச்சானுக்கு போன் போட்டு, குரலில் துக்கத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னார்.

"கவலையே படாதீங்க மாமா" என்றான் மச்சான். "கரடிமுதுகுல குதிக்கிற ஆளுக்கு அந்தப் பச்சைச் சைக்கிள் பத்தாதுன்னு அன்னைக்கே நினைச்சேன். எங்க குழுத் தலைவர் தன்னோட பந்தய சைக்கிளையும் அதுக்கான ஷூவையும் தர்றேன்னுட்டாரு. இது வேற மாதிரி. ஷூவை மிதிமேல வச்சு அழுத்துனா, டக்குன்னு பூட்டிக்கும். கழட்டணும்னா குதிகாலை வெளிப்பக்கம் திருப்பணும். உங்களுக்குத் தெரியாததா?"

"பின்ன, தெரியாதா?" என்றார் தணிக்கையாளர் பலவீனமாக.

அதற்குள் டியூட்டி முடிந்து வந்த மனைவி போனை வாங்கிக்கொண்டார். "டேய், நானும் வர்றேன். அடிவாரத்துல ஏதோ பேக்கரி இருக்காமே. அங்க உக்காந்திருக்கேன். இறங்கி வந்ததும் எல்லாரும் டீ சாப்பிடலாம்."

தணிக்கையாளர் சட்டையை மாட்டிக்கொண்டு, காய்கறி வாங்குவதாகச் சொல்லிவிட்டு, நேராகப் பேக்கரிக்கு ஓடினார்.

"அண்ணே, நாளைக்கு என் வீட்டுக்காரம்மா இங்க வர்றாங்க. நான் யாரு?"

"நீங்க நம்ம சார்."

"இல்ல! என்னை நீங்க பார்த்ததே இல்ல. புரியுதா? பார்த்ததே இல்ல."

பேக்கரிக்காரர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "சரி சார். நீங்க சொல்லிட்டீங்க, நான் பார்த்ததே இல்ல."

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. மேற்கு அடிவாரத்தில் கடப்பாறைகளோடு ஒரு கும்பலே நின்றது. எல்லாரும் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். "நீங்க முன்னாடி போங்க சார். உங்க பாதை" என்றார் குழுத் தலைவர் மரியாதையாக.

தணிக்கையாளர் ஏறி உட்கார்ந்து மிதித்தார். டக், டக். இரண்டு காலும் பூட்டிக்கொண்டன. எதிரே ஆடுகள் மேய்ந்து உண்டாக்கிய ஒரு தடம் தெரிந்தது. ஆடு போன வழியில் ஆள் போக முடியாதா என்று அதிலேயே விட்டார்.

கொஞ்ச தூரத்தில் தடம் இரண்டாகப் பிரிந்தது. நின்று யோசிக்க நினைத்தார். நின்றார். காலை ஊன்ற முடியாமல், நின்ற வாக்கிலேயே பக்கவாட்டில், வெட்டிய மரம் மாதிரி சாய்ந்தார். குதிகாலை உள்பக்கமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அது கழலவில்லை.

"என்னாச்சு மாமா?"

"மண்ணைப் பார்க்குறேன்" என்றார் படுத்தபடியே. "இந்தப் பக்கம் ஈரம். அந்தப் பக்கம் போகலாம்."

"பாருங்கய்யா, காதை வச்சே மண்ணைக் கண்டுபிடிக்கிறாரு" என்றார் பின்னால் வந்த ஒருவர், அவரைச் சைக்கிளோடு தூக்கி நிறுத்தியபடி.

அதோடு அவருக்கு ஒன்று விளங்கிவிட்டது: நின்றால் விழுவோம். ஆகவே நிற்கவே இல்லை. மூச்சு வாங்கியது, தொடை எரிந்தது, ஹெல்மெட்டுக்குள் தன் மூச்சு தனக்கே ரயில் வண்டி மாதிரி கேட்டது. ஆனாலும் மிதித்துக்கொண்டே இருந்தார். பின்னால் வந்தவர்கள் இறங்கித் தள்ள ஆரம்பித்தார்கள். அவரால் இறங்க முடியாது.

நெற்றி வேர்வை கண்ணில் இறங்கிய நேரத்தில் எங்கோ சலசலத்தது. ஓடை! சத்தியமாக ஓர் ஓடை. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அக்கரை ஏறினார். அங்கே பெரிதாக, கறுப்பாக ஒரு பாறை குப்புறக் கிடந்தது.

"இதுதானே மாமா கரடிமுதுகு?" என்று மச்சான் தூரத்திலிருந்து கத்தினான்.

மலையில் பாறைக்கா பஞ்சம்? ஆனாலும் தணிக்கையாளருக்கு உடம்பு சிலிர்த்தது. "இதேதான்!" என்று கத்திவிட்டுத் திரும்புவதற்குள், சைக்கிள் அந்தப் பாறைமேல் ஏறி, மறுபக்கம் காற்றில் போனது.

அவர் போட்ட அலறல் மலை முழுக்கக் கேட்டது. ஓர் ஆட்டுக்காரர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஒதுங்கினார். "கீழே இருக்கிறவங்களுக்கு எச்சரிக்கை குடுக்குறாரு. பொறுப்பான மனுஷன்" என்று குழுத் தலைவர் மெச்சிக்கொண்டார்.

சைக்கிள் தரையில் இறங்கியது. அவரும் அதன்மேலேயே இறங்கினார். தலையணை தன் கடமையைச் செய்தது. அதற்கப்புறம் ஒரே இறக்கம். மரங்கள் இரண்டு பக்கமும் பின்னால் ஓடின. நிஜச் சேறு நிஜமாகவே முதுகில் அடித்தது. பயத்தில் திறந்த வாய் எப்போது சிரிப்பாக மாறியது என்று அவருக்கே தெரியாது. மலையைச் சுற்றி வளைந்து இறங்கிய தடம் கிழக்கு அடிவாரத்தில் வந்து முடிந்தபோது, "இன்னும் கொஞ்சம் இருக்கக் கூடாதா" என்றுதான் தோன்றியது.

இன்னும் கொஞ்சம் இருந்தது. அது பேக்கரியின் கொல்லை. பிரேக்கைப் பிடித்தார், வழுக்கினார், அடுக்கி வைத்திருந்த காலி அட்டைப்பெட்டிகளுக்குள் தலைகீழாகப் புகுந்தார்.

பேக்கரிக்காரர் ஓடிவந்து பெட்டிகளை விலக்கினார். பின்னாலேயே மனைவி வந்தார்.

"யாரு சார் நீங்க?" என்று உரக்கக் கேட்டார் பேக்கரிக்காரர். "உங்களை நான் பார்த்ததே இல்லையே! இந்த ஊரா? இந்தப் பக்கம் வந்ததே இல்லையே! அம்மா, இவரை நான் பார்த்ததே இல்ல!"

போதும் என்று தணிக்கையாளர் பெட்டிக்குள்ளிருந்து கண்ணைக் காட்டினார். அவர் காட்டக்காட்ட, பேக்கரிக்காரர் இன்னும் இரண்டு தடவை பார்த்ததே இல்லை என்றார்.

மனைவி குனிந்து அவர் ஷூவைப் பிடித்து, குதிகாலை வெளிப்பக்கம் ஒரு திருப்புத் திருப்பினார். கழன்றது. "அடி ஏதும் படலியே?"

"இல்லம்மா" என்றார். பிறகு சின்னப் பையன் மாதிரி சொன்னார்: "பறந்தேன்."

"தெரியுதுங்க. சேறு இன்னைக்கு நல்லா ஒட்டியிருக்கு."

மச்சானும் கூட்டமும் வந்து சேர்ந்தார்கள். கை குலுக்கினார்கள், தோளில் தட்டினார்கள். கடப்பாறைக்கு வேலையே வைக்காமல் அடைப்பைச் சுற்றிக் கூட்டி வந்துவிட்டீர்கள், அடுத்த வாரமும் நீங்கள்தான் முன்னால் போக வேண்டும் என்றார் குழுத் தலைவர். தணிக்கையாளர் உடனே சரி என்றார். சொன்ன பிறகுதான், பல மாதங்களில் இந்தச் சைக்கிளைப் பற்றித் தாம் பேசிய முதல் நிஜம் இதுதான் என்று உறைத்தது. தப்பித்தோம் என்ற நிம்மதியும், ஜெயித்தோம் என்ற மிதப்புமாக, முகம் கழுவக் கொல்லைக் குழாய்க்கு நடந்தார்.

குழாய்க்கு மேலே சமையல்கட்டு ஜன்னல். உள்ளே பேக்கரிக்காரர் குரலைத் தாழ்த்தி தணிக்கையாளரின் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார்:

"உங்க தம்பியை விட்டு மலையேத்துனது நல்ல வைத்தியம்மா. இனிமேலாவது சாருக்கு நிஜக் கேக்கு குடுத்துரலாமா? நீங்க சொன்னீங்கன்னு முதல் வாரத்துலேருந்து சர்க்கரையே போடாம அவருக்குன்னு தனியா சுட்டு வைக்கிறேன், அதைத் தின்னுட்டு அவரு 'இந்த ருசி எங்கயும் வராது'ங்கிறப்பல்லாம் எனக்கு அழுகையே வந்துடுதும்மா!"